தலைகீழாய் வளரும் மரம்

உங்கள் முன் ஓர் அகராதி இருக்கிறது. அதில் 'நங்கூரம்' என்ற சொல்லுக்குப் பொருள் காண வேண்டும். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகவா படித்துக்கொண்டு போவீர்கள்? மாட்டீர்கள். ஏறக்குறைய நடுவில் திறப்பீர்கள். 'த' கண்ணில் பட்டால் பின்னால் தள்ளுவீர்கள். 'ப' வந்துவிட்டால் முன்னால் திரும்புவீர்கள். ஏழெட்டுப் புரட்டல்களில் சொல் அகப்பட்டுவிடும்.

இப்பொழுது ஒரு கேள்வி. அந்த அகராதியில் நாள்தோறும் ஆயிரம் புதுச் சொற்கள் சேர்ந்துகொண்டும், நூறு சொற்கள் நீங்கிக்கொண்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்? தினமும் அகராதியை முழுவதும் புதிதாக எழுத முடியுமா?

அச்சிட்ட அகராதிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவை ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றில் நாம் வேண்டும் விவரம் நொடியில் கிடைக்க வேண்டும். புது விவரம் நொடியில் சேரவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை. இந்தப் பகையைத் தீர்த்துவைத்த ஓர் எளிய கருத்தைப் பற்றியே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

பாதி பாதியாய்த் தேடுதல்

அகராதியில் நீங்கள் செய்ததைக் கணிப்பொறியும் செய்கிறது. வரிசையாக அடுக்கிய எண்களின் நடு எண்ணை முதலில் பார்க்கும். தேடும் எண் அதைவிடச் சிறியதா, பெரியதா என்று ஒப்பிட்டு, ஒரு பாதியை அப்படியே ஒதுக்கிவிடும். மிஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் பார்க்கும். இந்த முறையை 1946-இலேயே அமெரிக்கக் கணிப்பொறி முன்னோடி ஜான் மாக்லி தம் விரிவுரை ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2-ஐ 20 தடவை பெருக்கினால் 10,48,576 கிடைக்கும். ஆகவே பத்து இலட்சம் பதிவுகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க 20 ஒப்பீடுகள் போதும். நூறு கோடிப் பதிவுகளானாலும் 30 ஒப்பீடுகளே!

ஆனால் பதிவுகள் வரிசையில் இருந்தால்தானே இந்த வித்தை பலிக்கும்? பத்து இலட்சம் எண்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்போது இடையில் ஒன்றை நுழைக்க வேண்டுமானால், அதற்குப் பின்னுள்ள யாவும் ஓரிடம் நகர வேண்டும். திரையரங்கில் நிறைந்திருக்கும் ஒரு வரிசையின் நடுவே புதிதாக ஒருவரை உட்காரவைப்பதைப் போன்றது இது. சராசரியாக ஐந்து இலட்சம் எண்கள் இடம் பெயர்ந்தாக வேண்டும்.

கொடியாகிப்போன மரம்

நகர்த்தாமல் சேர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. எண்களை மரம்போல் கிளைபிரித்து வைப்பதே அது. கணிப்பொறி அறிஞர்கள் வரையும் மரத்தில் வேர் உச்சியிலும் இலைகள் அடியிலும் இருக்கும். வேரில் ஓர் எண். அதைவிடச் சிறியவை இடக்கிளையில், பெரியவை வலக்கிளையில். ஒவ்வொரு கிளையிலும் இதே விதி. புது எண் வந்தால் விதிப்படி இறங்கிப்போய், காலியான இடத்தில் தொங்கவிட்டால் போதும். மற்றவை எவையும் நகர வேண்டியதில்லை.

நல்ல வழிதான். ஆனால் எண்கள் 1, 2, 3, 4 என்று ஏறுவரிசையிலேயே வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் முந்தியதன் வலப்பக்கத்தில் தொங்கும். மரம் கிளை பரப்பாமல் ஒரே கொடியாக நீண்டுபோகும். பத்து இலட்சமாவது எண்ணைத் தேடுவோர் பத்து இலட்சம் படி இறங்க வேண்டியதாகும்.

சோவியத் நாட்டின் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்னும் இருவர் 1962-இல் இதற்கு மருந்து கண்டனர். மரம் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் கிளைகளைச் சற்றுச் சுழற்றி அதை நிமிர்த்திவிடும் முறை அது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் அது 'ஏவிஎல் மரம்' எனப்பட்டது. இதனால் மரத்தின் உயரம் கட்டுக்குள் நின்றது. ஆனால் வேறொரு தொல்லை காத்திருந்தது.

சுழலும் தட்டின் சோம்பல்

கணிப்பொறியின் உள் நினைவகம் மிக விரைவானது, ஆனால் சிறியது. அக்காலத்தில் அதன் விலையும் மிக அதிகம். ஆகவே பெரும் பதிவேடுகளைச் சுழலும் காந்தத் தட்டுகளில் எழுதிவைத்தார்கள். கிராமபோன் இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை உள்ளும் வெளியும் நகர்ந்து வேண்டிய தடத்தை அடையும். பின்பு வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கும்.

ஐபிஎம் நிறுவனத்தின் 2311 என்ற தட்டு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டுகள் நிமிடத்துக்கு 2,400 தடவை சுழன்றன. ஒரு சுற்றுக்கு 25 மில்லி விநாடி. கை நகர்வதற்குச் சராசரியாக 75 மில்லி விநாடி ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தட்டை ஒரு தடவை எட்டிப்பார்க்க விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். கணிப்பொறிக்கோ அது ஒரு யுகம்.

இரண்டிரண்டாய்க் கிளைக்கும் மரத்தைத் தட்டில் எழுதினால், 20 படி இறங்க 20 தடவை தட்டை எட்டிப்பார்க்க நேரலாம். ஒரே ஒரு விவரத்துக்கு ஒன்றே முக்கால் விநாடி ஆகிவிடும். வரிசையில் நூறு பேர் நின்றால் கடைசியில் நிற்பவர் ஏறத்தாழ மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சியாட்டிலில் கிடைத்த விடை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், விமானங்கள் செய்யும் போயிங் நிறுவனத்தின் அறிவியல் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்னும் இருவர் பணியாற்றினர். 1970-இல் அவர்கள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். 1972-இல் அது 'ஆக்டா இன்ஃபர்மாட்டிக்கா' என்னும் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. அவர்கள் கண்ட அமைப்பின் பெயர் 'பி-மரம்'.

அவர்கள் சிந்தித்தது இதுதான். தட்டுக்குப் போய் வருவதுதான் செலவு. போன இடத்தில் ஓர் எண்ணை எடுத்தாலும், அடுத்தடுத்து இருக்கும் நூறு எண்களை எடுத்தாலும் செலவில் பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் ஒரு கணுவில் ஒரே ஓர் எண்ணை ஏன் வைக்க வேண்டும்? ஒரு பக்கம் நிறைய எண்களை வைப்போமே! கடைத்தெருவுக்குப் போகும் அம்மா உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்றா நடப்பார்?

ஒரு பக்கத்தில் 99 எண்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக 100 கிளைகள் பிரியும். இரண்டாம் நிலையில் 100 பக்கங்கள். மூன்றாம் நிலையில் 10,000 பக்கங்கள். மூன்று நிலைகளிலும் உள்ள எண்கள் எத்தனை? நீங்களே பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 9,99,999! பத்து இலட்சத்துக்கு ஒன்றுதான் குறைவு. 20 தடவை எட்டிப்பார்த்த இடத்தில் இப்போது மூன்றே தடவை. நான்காவது நிலையையும் சேர்த்தால் பத்துக் கோடி வரை இடம் உண்டு.

செய்து பாருங்கள்

மரம் சாயாமல் இருப்பது எப்படி? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அதிகபட்சம் நான்கு எண்கள்தாம் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3, 4 ஆகியவற்றை எழுதுங்கள். பக்கம் நிறைந்துவிட்டது. இப்பொழுது 5 வருகிறது. என்ன செய்வது?

ஐந்தில் நடு எண் 3. அதை மேலே தூக்கிப் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் இடப்புறம் 1, 2 ஒரு பக்கம். வலப்புறம் 4, 5 ஒரு பக்கம். இதுதான் பி-மரத்தின் முழு இரகசியம்! நிறைந்த பக்கம் இரண்டாகப் பிளக்கும். நடு எண் மேலே போகும். மேற்பக்கமும் நிறைந்திருந்தால் அதுவும் அவ்வாறே பிளக்கும்.

தொடர்ந்து 6, 7, 8 என்று எழுதிக்கொண்டே போங்கள். 8 வரும்போது 6 மேலேறும். 11 வரும்போது 9. 14 வரும்போது 12. 17 வரும்போது 15 மேலேற முயலும். ஆனால் அங்கே 3, 6, 9, 12 என நான்கும் நிறைந்திருக்கும். ஆகவே அந்தப் பக்கமும் பிளந்து, 9 மட்டும் தனியே உச்சிக்குப் போகும். மரம் மூன்று நிலை ஆகிவிட்டது. கிளைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். சற்று முன் இதே ஏறுவரிசைதான் மரத்தைக் கொடியாக்கியது. இங்கே அதனால் ஒரு தீங்கும் இல்லை.

காரணத்தைக் கவனித்தீர்களா? மற்ற மரங்கள் இலைப்பக்கம் நீளும். இந்த மரமோ வேர்ப்பக்கம் உயரும். வேர் உயரும்போது எல்லா இலைகளும் ஒருசேர ஒரு படி ஆழமாகின்றன. ஆகவே எந்த இலையும் மற்றோர் இலையை மிஞ்ச வழியில்லை.

எண்களை நீக்கும்போது இதற்கு எதிர்மாறானது நடக்கும். வேரைத் தவிர எந்தப் பக்கமும் பாதிக்கு மேல் காலியாகக் கூடாது என்பது விதி. அப்படி ஆனால் அண்டைப் பக்கத்திலிருந்து எண்களைப் பகிர்ந்துகொள்ளும். அல்லது அதனுடன் இணைந்துவிடும். இவ்விதியால் நமக்கு ஓர் உறுதிமொழி கிடைக்கிறது. 99 எண் கொள்ளும் பக்கங்கள் எல்லாம் பாதிதான் நிறைந்திருந்தாலும், பத்து இலட்சம் எண்களுக்கு நான்கு நிலைகளுக்கு மேல் தேவைப்படாது. எண்கள் எந்த வரிசையில் வந்தாலும், எத்தனை போனாலும், கடைசி ஆளுக்கும் நாலே எட்டில் விடை! சராசரியாக விரைவு என்று சொல்வது வேறு. ஒருவரையும் காக்கவைக்க மாட்டேன் என்று உறுதி சொல்வது வேறு.

பேயரும் மெக்ரைட்டும் இதைக் கணக்கோடு நிறுத்திவிடவில்லை. ஐபிஎம் 360/44 கணிப்பொறியிலும் நாம் கண்ட அதே 2311 தட்டிலும் சோதித்தனர். 15,000 எண்கள் கொண்ட அடைவில் விநாடிக்குச் சராசரியாக 9 செயல்களும், ஓர் இலட்சம் எண்கள் கொண்டதில் குறைந்தது 4 செயல்களும் நடந்தன. அளவு ஆறரை மடங்குக்கும் மேலாகப் பெருகியும் வேகம் பாதிக்குக் கீழ் அதிகம் குறையவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு கட்டுரை

1970 ஜூன் மாதம், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறப்பால் ஆங்கிலேயரான இவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். அந்நாளைய தரவுத்தளங்களில், விவரம் எங்கே இருக்கிறது, எந்த இணைப்பைப் பிடித்துப் போனால் கிட்டும் என்பதை நிரல் எழுதுவோரே அறிந்திருக்க வேண்டும். அமைப்பு மாறினால் நிரலையும் திருத்த வேண்டும்.

காட் வேறு வழி சொன்னார். விவரங்களை எளிய அட்டவணைகளாக வையுங்கள். 'இன்னது வேண்டும்' என்று மட்டும் கேளுங்கள். போகும் வழியை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அழகான கருத்து, ஆனால் நடைமுறையில் மிகவும் மெதுவாக இருக்கும் என்று பலர் ஐயுற்றனர். 1970-களில் அதே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கிக் காட்டியபோது அந்த ஐயம் விலகத் தொடங்கியது. அதன் அட்டவணைகளுக்கு அடியில், வழி தேடும் வேலையைச் செய்தது எது தெரியுமா? பி-மரந்தான்.

1981-இல் காட் கணிப்பொறித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றார். தரவுத்தள ஆய்வாளர்கள் அளிக்கும் புத்தாக்க விருது 2001-இல் பேயருக்குக் கிடைத்தது. அவ்விருது இன்று காட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

'பி' என்பது என்ன?

இதைக் கண்டவர்கள் அந்த எழுத்துக்கு விளக்கம் தரவில்லை. பேயர் என்பதன் முதலெழுத்தா, போயிங் என்பதன் முதலெழுத்தா, சமநிலை, அகலம் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தா என்று பலரும் ஊகித்தனர். அந்த எழுத்தைப் பற்றி எவ்வளவு சிந்திக்கிறோமோ, அவ்வளவுக்கு மரம் நன்றாக விளங்கும் என்று பிற்காலத்தில் மெக்ரைட் நகைச்சுவையாகச் சொன்னார்.

1979-இலேயே டக்ளஸ் கோமர் என்பவர் தம் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பில் பி-மரத்தை 'எங்கும் நிறைந்தது' என்று வருணித்தார். இன்று அது இன்னும் பொருத்தம். கைப்பேசிகளில் உள்ள 'எஸ்கியூலைட்' என்னும் சிறு தரவுத்தளம் தன் அட்டவணைகளைப் பி-மரங்களாகவே வைத்திருக்கிறது. சுழலும் தட்டுக்குப் பதில் அசையாத சில்லுகள் வந்துவிட்டன. ஆயினும் அவையும் விவரங்களைப் பக்கம் பக்கமாகவே படிக்கின்றன; ஆகவே மரம் பட்டுப்போகவில்லை.

ஆய்வும் முடிந்துவிடவில்லை. தேடுவதைவிட எழுதுவதே பன்மடங்கு அதிகமானால், ஒவ்வொரு புது எண்ணுக்கும் மரத்தில் இடம் தேடிப் போவது வீண் செலவு. புதியவற்றை முதலில் நினைவகத்தில் திரட்டிவைத்து, பிறகு மொத்தமாகத் தட்டிலுள்ளவற்றுடன் கலக்கும் வேறொரு மர அமைப்பை பாட்ரிக் ஓநீல் முதலிய நால்வர் 1996-இல் வெளியிட்டனர். வெளியான இதழ் எது? அதே 'ஆக்டா இன்ஃபர்மாட்டிக்கா'தான்!

ஆக, எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு என்று ஒன்றில்லை. எது அடிக்கடி நடக்கிறது, எதற்குச் செலவு அதிகம் என்று முதலில் கேட்க வேண்டும். அமைப்பு அதற்குப் பின் வரும். நீங்கள் வரைந்த மரம் கையில் இருக்கிறதல்லவா? அதில் 18, 19, 20 என்று தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போங்கள். நான்காம் நிலை எந்த எண்ணில் பிறக்கும் என்று முதலில் ஊகித்துப் பாருங்கள். பிறகு வரைந்து சரிபாருங்கள்.