அளவறிந்த கதிர்

திருக்குறளிலே 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்தே வைத்தியஞ் செய்தல் வேண்டும் என்று அவ்வதிகாரத்திலே வள்ளுவர் விதிக்கின்றார். பல்லாண்டுகளாக மாணாக்கருக்கு இதனைப் பாடஞ் சொல்லி வந்த யாம், உரைகாரர் தந்த பொருளைக் கூறியதோடு அமைந்துவிட்டோம். 'அளவு' என்னும் அச்சொல்லின் முழுக் கனமும் எமக்கு விளங்கியது, மார்பகப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் கதிர்ச் சிகிச்சையின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

படிக்க நேர்ந்த காரணமும் சொல்லத்தக்கதே. எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார், தம் மார்பிலே தோன்றிய சிறு கட்டியொன்றைப் பல மாதங்களாக வீட்டாருக்கும் சொல்லாது மறைத்து வைத்திருந்தார். வைத்தியரிடம் போனால் மார்பை முழுவதும் அறுத்துவிடுவார்கள், பின்னர் 'கறண்ட்' பிடித்து உடம்பை எரித்துவிடுவார்கள் என்பதே அவருடைய அச்சம். அவர் வாய் திறந்தபோது நோய் ஆரம்ப நிலையைக் கடந்துவிட்டது. இதனை அம்மாணவி அழுதுகொண்டே கூறினாள். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அஃது இன்றைக்கும் பொருந்துமா என்று அறியும் விருப்பம் அன்று எமக்கு உண்டாயிற்று.

அச்சம் வெறுங் கற்பனையன்று. ஒரு காலத்து உண்மையின் நிழலே அது. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னுஞ் சத்திரசிகிச்சை நிபுணர், 1894ஆம் ஆண்டில் தமது முறையை வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவதே அம்முறை. புற்றுநோய் நடுவிலிருந்து படிப்படியாக வெளியே பரவுகின்றது. ஆதலின் எவ்வளவு அகலமாக வெட்டுகின்றோமோ அவ்வளவு நன்மை என்று அவர் கருதினார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் அக்கருத்தே கோலோச்சியது.

அதனை எதிர்த்தவர்களுள் ஒருவர் இலக்கிய உலகத்துக்கும் உறவினர். இலண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் பணியாற்றிய ஜெப்ரி கீன்ஸ் என்பவரே அவர். வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞரின் நூல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த அறிஞர் இவர். பொருளியல் வல்லுநர் மேனாட் கீன்ஸ் இவருக்குத் தமையனார். 1920களில் இவர் மார்பகத்தை முழுவதும் அகற்றாது, றேடியம் அடங்கிய ஊசிகளைக் கட்டியுள்ள இடத்திலே செருகி நோயைத் தணிக்க முயன்றார். தாம் கண்ட பயனை 1937இல் வெளியிட்டார். ஆயினும் அக்காலத்து வைத்திய உலகம் அவருக்குப் பெரிதுஞ் செவிசாய்த்திலது.

பின்னர் வந்த இருவர், வாதத்தை விடுத்து ஆய்வினால் வழக்கைத் தீர்த்தனர். இத்தாலியின் மிலான் நகரத்து உம்பேட்டோ வெறோனேசி 1973இலும், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து பேணாட் பிஷர் 1976இலும் தத்தம் ஆய்வுகளைத் தொடங்கினர். ஆரம்ப நிலை நோயுற்ற பெண்களுள் ஒரு சாராருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. மறு சாராருக்குக் கட்டியுள்ள பகுதி மாத்திரம் அகற்றப்பட்டு, எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இருபது ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. இரு சாராரும் உயிர்வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. பிஷரின் ஆய்விலே, கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர் பெறாதவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர் பெற்றவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கே மீண்டது. முழு மார்பகத்தையும் இழக்கும் நிலையிலிருந்து பெண்களைக் காத்தது கதிரே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, அக்கதிர் செய்யுந் தொழிலைப் பார்ப்போம். மக்கள் 'கறண்ட்' என்று சொல்லினும் அது மின்சாரம் அன்று. 1895இல் ஜெர்மனியிலே றொன்ற்ஜன் கண்ட எக்ஸ் கதிரின் இனத்தைச் சேர்ந்தது. அது கலங்களின் பரம்பரைப் பொருளைச் சிதைக்கின்றது. அச்சிதைவைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் நல்ல கலங்களுக்கு மிகுதி. புற்றுக் கலங்களுக்குக் குறைவு. நல்ல கலங்கள் மீள்வதற்கு இடைவெளி வேண்டும் என்பதனாலேயே கதிரைச் சிறு சிறு பங்குகளாக நாடோறுங் கொடுத்தனர். கதிரின் அளவுக்குக் 'கிறே' என்பது அலகு. ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஒருவரின் பெயர் அது. 50 கிறே, 25 பங்குகள், ஐந்து கிழமைகள் என்பதே நெடுங்காலம் வழக்கிலிருந்த கணக்கு. வடக்கிலிருந்து மகரகமவுக்குச் சென்று சிகிச்சை பெற்ற குடும்பத்தாரைக் கேட்டால், 25 நாள் என்பது எத்துணைப் பெரிய எண் என்பது விளங்கும்.

அக்கணக்கைப் பிரித்தானிய ஆய்வாளர் மீண்டும் ஆராய்ந்தனர். முதலில் 40 கிறே, 15 பங்குகள், மூன்று கிழமைகள் எனக் குறைத்தனர். பின்னர் 4096 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 2020இல் வெளியிட்டனர். 26 கிறேயை ஐந்தே பங்குகளாக ஒரு கிழமையிற் கொடுப்பினும், ஐந்தாண்டு அளவில் நோயைத் தடுப்பதில் அது மூன்று கிழமைச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று கண்டனர்.

காலத்தின் அளவு இவ்வாறு குறைய, இடத்தின் அளவும் ஆராயப்பட்டது. நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதற் கட்டி இருந்த இடத்தை அடுத்தே மீளுகின்றது. அங்ஙனமாயின் முழு மார்பகத்துக்கும் கதிர் எதற்கு? 50 வயதும் அதற்கு மேலுமான, அபாயங் குறைந்த 2018 பெண்களிடம் இக்கேள்வி சோதிக்கப்பட்டது. கட்டி இருந்த பகுதிக்கு மாத்திரங் கதிர் பெற்றோருள் நோய் மீண்டவர், ஐந்தாண்டு அளவில், இருநூறு பேருக்கு ஒருவரே. 2017இல் வெளிவந்த முடிவு இது. இடப்பக்க நோயுற்றவரை மூச்சை ஆழ இழுத்து அடக்கச் செய்து, அந்நேரத்திலே கதிர் செலுத்தும் முறையும் உண்டு. அப்போது இருதயம் மார்புச் சுவரை விட்டு விலகி நிற்கும். கதிரின் கேடு அதனைச் சாருவது குறையும்.

சத்திரசிகிச்சை நடக்கும் மேசையிலேயே, கட்டி நீங்கிய குழியிற் கதிரை ஒரே முறை செலுத்துவோரும் உளர். ஆயின் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். மிலான் நகரிலே 1305 பெண்களிடம் இவ்வாறு இலத்திரன் கதிரைக் கொண்டு நடத்திய ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2021இல் வெளிவந்தது. ஒருமுறைக் கதிர் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. வழக்கமான சிகிச்சை பெற்றோருள் இரண்டு மூன்று பேருக்கே மீண்டது. உயிர்வாழ்விலே வேறுபாடு காணப்படவில்லை எனினும், குறைப்பது எல்லாம் நன்மையாகாது என்பதற்கு இது சான்று. மிகுதி போலவே குறைவும் அளவு தப்பலாம். யாருக்கு எது தகும் என்பதை வயது, கட்டியின் பருமன், நிணநீர்க் கணுக்களின் நிலை, நோயின் இயல்பு ஆகியவற்றை நோக்கி வைத்தியரே துணிதல் வேண்டும்.

வள்ளுவர் சொன்ன மூன்று அளவுகளும் இங்கே ஒருங்கு நிற்கின்றன. அவற்றுள் முதலிரண்டையும் ஆராய்வது கற்ற வைத்தியர் கடன். மூன்றாவதாகிய காலமோ பெரிதும் நோயாளியின் கையிலேயே இருக்கின்றது. மேற்கூறிய சிகிச்சைகள் யாவும் ஆரம்ப நிலையிலே வந்தவருக்கே உரியன. அம்மாணவியின் தாயார் அஞ்சிய சிகிச்சை பழங்கதையாகிவிட்டது. அதனை அவருக்குச் சொல்ல ஒருவரும் இருந்திலர். ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வொரு செய்தியைத் தத்தம் வீட்டுப் பெண்களின் செவியிலே போடுவார்களாயின், அதுவே இக்கட்டுரையின் பயன்.