காட்டு வழியில் சைக்கிள் பயணம்: கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் ஒரு ஒத்திகை

கம்ப்யூட்டர் காட்டிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஒரு டிசம்பர் மாதத்து மாலைப் பொழுதில் ஜவ்வாது மலையில் அந்த நம்பிக்கை கலைந்தது.

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை சைக்கிளில் போவது என்று நானும் என் நண்பரும் திட்டமிட்டோம். மேப் தளம் ஒன்றில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் டைப் செய்தேன். நீல நிறக் கோடு ஒன்று வந்தது. காவலூரைத் தாண்டியதும் அந்தக் கோடு தார்ச் சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைந்தது. சில கிலோமீட்டர் மிச்சமாகிறதே என்று மகிழ்ந்து, அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொண்டேன்.

மறுநாள் மாலை நான்கரை மணிக்கு அந்தக் குறுக்கு வழியில் திரும்பினோம். முதலில் மண் பாதை, பிறகு மாட்டுத் தடம், பிறகு வெறும் கல்லும் முள்ளும். டயர் பஞ்சர். பாட்டிலில் தண்ணீர் இல்லை. எதிரே ஆடுகளை ஓட்டிக் கொண்டு வந்த பெரியவர், "இந்தப் பக்கம் சைக்கிளு போவாதுப்பா. இருட்டறதுக்குள்ள ரோட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க" என்றார். சைக்கிளைத் தள்ளிக் கொண்டு தார்ச் சாலைக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது.

காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986ல் நிறுவப்பட்டது. அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு, நகர வெளிச்சம் எட்டாத இருட்டான வானமும் ஒரு காரணம். விளக்கில்லாத சைக்கிள்காரனுக்கு அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்து கொண்டோம்.

தவறு கம்ப்யூட்டரிடம் மட்டும் இல்லை. நான் அதனிடம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை கிலோமீட்டர்? கேட்டிருக்க வேண்டியவை இன்னும் மூன்று. எவ்வளவு ஏற்றம்? எப்படிப்பட்ட தரை? நுழைய அனுமதி உண்டா? இவற்றை வீட்டிலிருந்தே தெரிந்து கொள்ளும் வழிகளைப் பார்ப்போம். இங்கே சொல்லும் மேப் புரோகிராம்களை எல்லாம் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

1. ஏற்றம் எவ்வளவு?

பிரவுசரைத் திறந்து, பிரவுட்டர் வெப் என்ற தளத்தைத் தேடி எடுங்கள். வரும் மேப்பில் புறப்படும் இடத்தில் ஒரு கிளிக், அடுத்த ஊரில் ஒரு கிளிக் என்று வரிசையாகச் செய்து கொண்டே போனால் வழி தானாக வரையப்படும். கூடவே, வழி நெடுக நிலம் எங்கே உயர்கிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டும் வரைபடமும் கிடைக்கும்.

இந்த உயரக் கணக்கு எங்கிருந்து வந்தது? 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நில உயரங்களை அளந்தது. அந்தத் தகவலைத்தான் இன்று பல மேப் புரோகிராம்கள் பயன்படுத்துகின்றன. அடர்ந்த காட்டில் ரேடார் அலைகள் தரையைத் தொடாமல் மரக்கிளைகளிலேயே பட்டுத் திரும்புவதும் உண்டு. எனவே பத்துப் பதினைந்து மீட்டர் முன்பின் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஏற்றத்தை நேரமாக மாற்ற ஒரு கணக்கு. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 88,000 ஜூல் ஆற்றல் வேண்டும். நம்மைப் போன்ற சாதாரண ஆள் தொடர்ந்து 100 வாட் அளவுக்கு மிதிப்பதாகக் கொண்டால், இதற்கே ஏறக்குறைய 15 நிமிடம் ஆகிறது. ஆகவே, சமதளத்தில் ஆகும் நேரத்துடன் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம் கூட்டிக் கொள்ளுங்கள்.

வாணியம்பாடி கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வித்தியாசம் 325 மீட்டருக்கு மேல். அதற்கு மட்டும் 50 நிமிடம். இடையில் இறங்கி இறங்கி ஏறுவது தனி. அதனால் இரண்டு ஊர்களின் உயரத்தைக் கழித்துப் பார்த்தால் போதாது. வழியிலுள்ள எல்லா ஏற்றங்களையும் கூட்டிய தொகையைப் பார்க்க வேண்டும்.

சரிவையும் கவனியுங்கள். ஒரு கிலோமீட்டரில் 50 மீட்டர் ஏறினால் அது 5 சதவீதம். கியர் இல்லாத சைக்கிளில் மூட்டையோடு இதுவே மூச்சு வாங்க வைக்கும். 8 சதவீதத்துக்கு மேல் என்றால் இறங்கித் தள்ளுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

2. தரை எப்படி இருக்கிறது?

2004ல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், பொதுமக்களே சேர்ந்து வரையும் வரைபடம். இதில் கோட்டின் தோற்றமே பாதையின் தரத்தைச் சொல்லும். விட்டு விட்டு வரும் பழுப்பு நிறக் கோடு என்றால் வண்டித் தடம். புள்ளி புள்ளியாகச் செந்நிறத்தில் இருந்தால் நடைபாதை. வலது ஓரத்திலுள்ள லேயர்ஸ் பட்டனை அழுத்தி, சைக்கிள் மேப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சம உயரக் கோடுகளும் தெரியும். இந்தக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடம் செங்குத்தானது.

அடுத்து, கூகுள் எர்த் ப்ரோ புரோகிராமை டவுன்லோட் செய்து நிறுவுங்கள். 2015 முதல் இது இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகப்படும் பாதையை மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் எடுக்கப்பட்ட தேதி திரையின் கீழே இருக்கும். கோடையில் எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும் மண் பாதை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடையாகவும் இருக்கலாம். மரங்களுக்குள் நுழைந்து பாதையே மறைந்து போகிறது என்றால், அந்த வழியை விட்டுவிடுங்கள்.

3. நுழையலாமா?

மேப்பில் காடு பச்சை நிறத்தில் இருக்கும். ஆனால் அனுமதி உண்டா என்பதைப் பச்சை நிறம் சொல்லாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். பொதுச் சாலை காட்டின் ஊடே சென்றால் அதில் போகலாம். அதை விட்டுப் பிரியும் தடங்களில் போகக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம்.

வழியை எடுத்துச் செல்வது எப்படி?

வழி முடிவானதும் பிரவுட்டர் தளத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து, ஜிபிஎக்ஸ் பைலாக சேவ் செய்யுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோட்பேடில் திறந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று வரிசையாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 2002 முதல் இருந்து வரும் பைல் வகை இது. கூகுள் எர்த் ப்ரோவிலும் திறக்கும்.

இதை மொபைல் போனுக்கு மாற்றி, ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் புரோகிராமில் திறந்து கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் மேப்பையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் வானிலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வருவதால், டவர் இல்லாத மலையிலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும்.

கூடவே ஒரு காகிதமும் இருக்கட்டும். எக்செல்லில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஊர், தூரம், ஏற்றம், போய்ச் சேர வேண்டிய நேரம். பிரிண்ட் எடுத்துப் பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் இது தீராது.

இரண்டாவது முறை

அடுத்த வருடம் அதே நண்பருடன் அதே மலைக்குப் போனேன். இம்முறை முழுக்கத் தார்ச் சாலை வழி. தூரம் கூடுதல்தான். ஆனால் காகிதத்தில் எழுதிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக ஒவ்வொரு ஊரையும் அடைந்தோம். சாமை வயல்களைப் பார்த்துக் கொண்டே வந்து, வெளிச்சம் இருக்கும்போதே ஜமுனாமரத்தூரில் டீ குடித்தோம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பெயரைப் பதிந்து, எடிட் பட்டனை அழுத்தி, வழியில் நாங்கள் தண்ணீர் பிடித்த அடிபம்பைச் சேர்த்தேன். கண்ணால் பார்த்ததை மட்டுமே சேர்க்க வேண்டும். வேறு மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது.

முதல் பயணத்தில் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார். அடுத்து வருபவர் யாராக இருந்தாலும், தண்ணீர் எங்கே என்றாவது நம் கம்ப்யூட்டர் சொல்லட்டுமே. இந்த வாரமே உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிராமச் சாலை ஒன்றைத் திரையில் வரைந்து, அதன் ஏற்றத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்க்கலாம்.