படைவீரரின் தூக்கத்துக்குக் காவல்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஐவி, கேலி என்ற இரண்டு நாய்களிடம் முகக்கவசத் துண்டுகளை மோப்பம் பிடிக்கக் கொடுத்தார்கள். இரண்டும் வீட்டில் வளர்கிற செல்ல நாய்கள்தான். வாழ்க்கையில் ஏதோ ஒரு பேரதிர்ச்சியைக் கடந்துவந்த 26 பேர் அணிந்திருந்த கவசங்கள் அவை. சும்மா உட்கார்ந்திருந்தபோது விட்ட மூச்சு ஒரு கவசத்தில். நடந்ததை நினைத்துப் பார்க்கச் சொன்னபோது விட்ட மூச்சு இன்னொன்றில். இரண்டையும் அருகருகே வைத்தபோது, கலங்கிய மூச்சு எது என்பதை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நாய்கள் சரியாகக் காட்டின. ஒரே ஒரு துண்டை மட்டும் கொடுத்தபோது ஐவி 74 சதவீதமும் கேலி 81 சதவீதமும் சரியாகக் காட்டின. ஆய்வு வெளியானது 2024இல்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஐவியின் கணிப்பு, மூச்சைக் கொடுத்தவர் உணர்ந்த பதற்றத்தோடு ஒத்துப்போனது. கேலியின் கணிப்பு அவர் உணர்ந்த அவமானத்தோடு ஒத்துப்போனது. அதிர்ச்சியில் உடனே பாய்வது அட்ரினலின். சற்றுத் தாமதித்து ஏறுவது கார்ட்டிசால். ஒரு நாய் முதலாவதன் தடத்தையும் மற்றது இரண்டாவதன் தடத்தையும் பிடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். 25 நாய்களைத் தொடக்கத்தில் பயிற்சிக்கு எடுத்தார்கள், கடைசிவரை தேறியவை இந்த இரண்டு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா நாய்க்கும் இது வராது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கடினமான மனக்கணக்கு கொடுத்து ஆட்களைத் திணறவைத்து, அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் நான்கு நாய்களிடம் காட்டினார்கள். 93.75 சதவீதம் சரி. மனம் கலங்கும்போது உடல் வேறு வாசனை விடுகிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. நம் மூக்குக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

போர்முனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா ஆபத்தைக் கண்டு கூச்சலிடும் பகுதி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, 'ஒன்றுமில்லை, பட்டாசுதான்' என்று அதை அடக்குகிறது. ஹிப்போகேம்பஸ், நடந்தது எங்கே, எப்போது என்பதைச் சேர்த்துவைக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயில் (மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள்) முதலாவது ஓயாமல் கூவுகிறது, மற்ற இரண்டும் அதைக் கட்டுப்படுத்தத் திணறுகின்றன. அதனால் பத்து வருடத்துக்கு முன் வெடித்த குண்டு, நினைவாக வராமல் இந்த நிமிடத்து நிகழ்வாக வருகிறது. பல்பொருள் அங்காடியில் வரிசையில் நிற்கும்போது யாராவது பின்னால் வந்து நின்றால் இதயம் அடித்துக்கொள்கிறது. இரவில் கெட்ட கனவு. கனவுக்குப் பயந்து தூக்கமே வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பது. பிறகு வெளியே போவது நின்றுபோகிறது, நண்பர்கள் குறைகிறார்கள், பெற்ற பிள்ளையைத் தூக்கும்போதும் மனதில் எதுவும் எழுவதில்லை.

நோய் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் காரணமில்லாத படபடப்பைக் கண்டு ஜேக்கப் மென்டஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் அது குண்டதிர்ச்சி எனப்பட்டது. அப்படி நடுங்கியவர்களைக் கோழைகள் என்று ஏசியவர்கள் நிறையப் பேர். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது இன்றைய பெயரோடு இடம்பெற்றது.

நாய் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1944இல் நியூ கினித் தீவில், பதுங்குகுழி ஒன்றில் கிடைத்த ஸ்மோக்கி என்ற யார்க்‌ஷையர் டெரியர், எடை இரண்டு கிலோகூட இல்லை. அதை வளர்த்த பில் வின் என்ற வீரர் டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று நண்பர்கள் ஸ்மோக்கியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதைப் பார்த்த செவிலியர், மற்றக் காயம்பட்ட வீரர்களிடமும் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். மருத்துவமனைப் படுக்கைகளுக்கு நாய் போய் வந்த முதல் பதிவுகளில் இது ஒன்று. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தால் வாய் திறக்காத குழந்தையும் பேசுகிறது என்று எழுதினார். அதே நம்பிக்கையோடு அமெரிக்க ராணுவம் 2007 டிசம்பரில் போ, பட்ஜ் என்ற இரண்டு லாப்ரடார்களை இராக்கில் இருந்த மனநல மருத்துவப் பிரிவுக்கு அனுப்பியது. மனநல மருத்துவரிடம் போனால் சக வீரர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறவரும் நாயைத் தடவிப் பார்க்க வருவார். வந்த இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார்.

ஸ்மோக்கியும் போவும் செய்தது சிகிச்சை நாயின் வேலை. பயிற்சியாளரோடு வந்து, பலரிடமும் அன்பாக நின்று, திரும்பிப் போவது. சேவை நாயின் வேலை வேறு. அது ஒரே ஒருவருக்காகப் பயின்றது. இரவும் பகலும் அவரோடேயே இருக்கிறது. கடை, பேருந்து, உணவகம் எங்கும் அதை அழைத்துச் செல்ல அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமை தருகிறது. மூன்றாவது வகை, பயிற்சி எதுவும் இல்லாமல் உடன் இருந்தே ஆறுதல் தரும் நாய். அதற்கு அந்தச் சட்ட உரிமை கிடையாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய பேச்சு பாதி வீணாகிறது.

சேவை நாய் என்ன செய்யும்? கால் ஆடத் தொடங்கினால், விரல்கள் இறுகினால், மூக்கால் கையை இடித்து 'என்னைப் பார்' என்கிறது. வீரர் குனிந்து அதைத் தடவும்போது கவனம் பழைய போர்க்களத்திலிருந்து இந்த இடத்துக்குத் திரும்புகிறது. பதற்றம் முற்றினால் மடிமீதோ மார்மீதோ தன் எடையைச் சாய்த்துக் கிடக்கிறது. தூக்கத்தில் புரண்டு கத்தினால் நக்கி எழுப்புகிறது. இது சாதாரண உதவி இல்லை. கனவின் நடுவில் மனைவி தோளைத் தொட்டால் வீரர் எதிரி என்று நினைத்துக் கையை ஓங்கிவிடலாம். அந்தப் பயத்திலேயே தனி அறையில் படுக்கும் தம்பதிகள் உண்டு. இதுவரை நாய்கள் பெரும்பாலும் கண்ணில் படும் அசைவை வைத்தே இதையெல்லாம் செய்கின்றன. ஐவியும் கேலியும் காட்டிய திறனைப் பயிற்சியில் சேர்க்க முடிந்தால், கால் ஆடுவதற்கு முன்பே, பதற்றம் மூச்சில் கலக்கும் நொடியிலேயே நாய் எச்சரிக்கக்கூடும்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா? வளர்த்தவர்களைக் கேட்டால் நாய்தான் உயிரைக் காப்பாற்றியது என்பார்கள். அறிவியலுக்கு அது போதாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையும் அதைத்தான் சொன்னது. பார்வை, செவி, நடமாட்டக் குறை உள்ளவர்களின் சேவை நாய்களுக்கு மருத்துவச் செலவை ஏற்ற அத்துறை, மனநோய்க்கான நாய்களுக்குச் சான்று போதாது என்று 2012இல் மறுத்தது. சான்று தேடி அது நடத்திய ஆய்வும் எளிதாக முடியவில்லை. 2011இல் டாம்பாவில் தொடங்கி, நாய்களின் உடல்நலத்திலும் பயிற்சியிலும் சிக்கல் வந்து, அடுத்த ஆண்டே நின்றது. பிறகு அட்லாண்டா, அயோவா சிட்டி, போர்ட்லண்ட் ஆகிய மூன்று ஊர்களில் புதிதாகத் தொடங்கி, 2021இல்தான் முடிவு வந்தது.

முடிவு இருபக்கமும் பேசியது. 181 வீரர்களில் 97 பேருக்குப் பயிற்சி பெற்ற சேவை நாய், 84 பேருக்கு ஆறுதல் நாய் கிடைத்தது. 18 மாதங்கள் கவனித்தார்கள். அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு குழுவுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. நோய் அறிகுறிகளை 80 புள்ளிகளில் அளக்கும் கேள்வித்தாளில் சேவை நாய்க் குழு கூடுதலாக 3.7 புள்ளி முன்னேறியது. சிறிய வித்தியாசம்தான். ஆனால் அதே குழுவில் தற்கொலை எண்ணமும் அது சார்ந்த நடத்தையும் 18ஆம் மாதத்தில் குறைவாக இருந்தன. இந்த ஒரு வரிக்காகவே அந்த ஆய்வுக்குச் செலவழித்த பணம் தகும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாயே இல்லாத குழு அந்த ஆய்வில் இல்லை. ஒப்பிட்டது நாயோடு நாயைத்தான்.

அந்தக் குறையை வேறொரு ஆய்வு கொஞ்சம் நிரப்பியது. மேகி ஓ'ஹேர் என்ற ஆய்வாளரின் குழு, நாய் பெற்ற 81 பேரையும் நாய்க்குக் காத்திருந்த 75 பேரையும் மூன்று மாதம் ஒப்பிட்டு 2024இல் எழுதியது. யாரிடம் நாய் இருக்கிறது என்று தெரியாத மருத்துவ வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். நாய் பெற்றவர்களுக்கு நோய் இருப்பதாக முடிவாகும் சாத்தியம் 66 சதவீதம் குறைவு. ஆனால் இங்கே யாருக்கு நாய் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை. மூன்று மாதமும் குறுகிய காலம். இதே குழு 2018இல் வீரர்களின் உமிழ்நீரைச் சோதித்திருக்கிறது. உடல்நலம் உள்ளவருக்குக் காலையில் விழித்த அரைமணி நேரத்தில் கார்ட்டிசால் சட்டென்று உயரும். தீராத மனஅழுத்தம் உள்ளவர்களிடம் அந்த ஏற்றம் மந்தமாகிவிடுவது உண்டு. நாயோடு இருந்தவர்களிடம் ஏற்றம் கூடுதலாகத் தெரிந்தது. கேள்வித்தாளில் பொய் சொல்லலாம், எச்சிலில் முடியாது.

மருத்துவர்களிடம் ஒரு கவலை உண்டு, அது நியாயமானது. பின்னால் நின்று காவல் காக்க நாய்க்குக் கற்றுக்கொடுத்தால், 'உலகம் ஆபத்தானது, முதுகை யாராவது காக்க வேண்டும்' என்ற நோயின் வாதத்தையே உறுதிப்படுத்தியதாக ஆகாதா? பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போய்ப் பழகும் பேச்சுச் சிகிச்சைகள்தான் இந்த நோய்க்கு நன்றாக நிரூபிக்கப்பட்டவை. நாய் துணைக்கு வந்தால் அந்தப் பழக்கம் தானாக வராமல் போகலாம். ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஆறு மாதமாக வீட்டை விட்டே இறங்காதவர், நாயை நடத்திச் செல்ல வேண்டும் என்பதற்காக விடிகாலையில் தெருவுக்கு வருகிறார். நாயைப் பார்த்து அயலார் நின்று பேசுகிறார்கள். சிகிச்சைக்குப் போகும் பேருந்தில் ஏற அவருக்குத் தைரியம் வருகிறது. நாயை மருத்துவத்தின் இடத்தில் வைத்தால் பிழை. பக்கத்தில் வைத்தால் பலன். என் முடிவு இதுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வீரரையே பயிற்சியாளராக்கினார்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ முன்னாள் படைவீரர் மருத்துவ மையத்தில் ரிக் யவுன்ட் என்ற சமூகப்பணியாளர் 2008இல் தொடங்கிய முறை அது. உடல் ஊனமுற்ற இன்னொரு வீரருக்குப் போய்ச்சேர வேண்டிய நாய்க்குட்டியை, மனக்காயம் பட்டவர் பழக்குகிறார். நாய்க்குட்டியைப் பாராட்ட வேண்டும் என்றால் குரலில் உற்சாகம் வேண்டும். தட்டையான குரலில் 'சபாஷ்' என்றால் அதற்குப் புரியாது. உணர்ச்சி மரத்துப்போன மனிதர், நாய்க்காகக் குரலை உயர்த்திக் கொஞ்சுகிறார், பொறுமையாகக் காத்திருக்கிறார். வெடிச்சத்தத்துக்கு அஞ்சாதே என்று குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும்போது தனக்கே சொல்லிக்கொள்கிறார். அதே கொஞ்சலோடு வீட்டில் பிள்ளையிடமும் பேச வாய் வருகிறது. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் சட்டமான திட்டம், ஐந்து மருத்துவ மையங்களில் இந்த முறையை ஐந்து ஆண்டு சோதித்துப் பார்க்க வழிசெய்தது.

இதில் நாயின் உடலும் மனமும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டியபடி, நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருக்குமே ஆக்சிடோசின் கூடுகிறது. பந்தம் இருவருக்கும்தான் என்றால் பாரமும் இருவருக்கும்தான். விளையாட நேரம், வேலையில்லாத பொழுது, வயதானால் ஓய்வு எல்லாம் நாய்க்கு வேண்டும். ஒரு நாயைத் தேர்ந்து பழக்க ஓரிரு ஆண்டும் பெரும் பணமும் ஆகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அது போய்விடும். அந்த இழப்பைத் தாங்கவும் வீரரை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, நம் வீட்டு முன்னாள் படைவீரருக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே இரவில் கத்தி எழுபவரை 'அவர் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.