சுவர் நம்முடையது, பெட்டி அவர்களுடையது

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் கேபிள்காரர், கம்பத்திலிருந்து இழுத்துவந்த கண்ணாடி இழையைச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் செருகி, 'பான்' என்னும் விளக்கு பச்சையாக நிலைத்ததும், வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். சுவரும் மின்சாரமும் நம்முடையவை. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து அதை நடத்தும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருளின் மீது நமக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது.

அதை மாற்றும் உத்தரவு, நாம் படம் பார்க்கும் அதே இழை வழியாகத்தான் வருகிறது. நிலையத்திலிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி இறங்க, வீட்டிலிருந்து 1310இல் மறுமொழி ஏறுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் மென்பொருளுக்கு இரண்டு அறைகள் உண்டு. பழையது ஓடிக்கொண்டிருக்கையிலேயே புதியது காலியான அறையில் எழுதப்பட்டு, மறுதொடக்கத்தில் ஆட்சி கைமாறுகிறது. புதியது தடுமாறினால் பழையதற்கே திரும்பலாம். நிறுவனத்தின் முத்திரை பெறாத மென்பொருளை ஏற்க மறுக்கும் பெட்டிகளும் பல.

இவ்வளவு கெடுபிடிக்கு நியாயம் இல்லாமலில்லை. ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வதால், தனக்குக் குறித்த நேரத்தில் மட்டுமே ஒவ்வொரு பெட்டியும் ஒளி வீசவேண்டும். ஒன்று முறை தவறினால் தெருவே இணைப்பிழக்கும். ஆனால் அந்த நியாயம் ஒளி சம்பந்தப்பட்ட பகுதியோடு முடிந்துவிடுகிறது. வைஃபையையும் கடவுச்சொற்களையும் ஆளும் பகுதியையும் பூட்டிவைத்துவிட்டு, அதன் ஓட்டைகளை அடைக்காமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

அதன் விபரீதத்தை, ஒகேனக்கல்லுக்கு அக்கரையிலுள்ள கர்நாடகம் 2017 ஜூலையில் கண்டது. 'அட்மின்' என்ற ஆதிக் கடவுச்சொல்லே மாற்றப்படாதிருந்த பி.எஸ்.என்.எல். மோடங்களைப் பிரிக்கர்பாட் என்னும் நச்சுநிரல் தாக்கிற்று. அங்கும் பிற இடங்களிலுமாக 60,000 மோடங்கள் வரை பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பாதுகாப்பற்ற கருவிகளைத் திருடர் கைப்பற்றுமுன் தானே அழித்துவிடுவதாக அதை இயற்றியவர் நியாயம் பேசியது தனி வேடிக்கை. அதற்கு முந்தைய நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கைக்காரர் ஒன்பது லட்சம் பேரின் இணைப்பு இப்படியே தடைப்பட்டது. நிறுவனங்கள் தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கென்று திறந்துவைத்த 7547ஆம் எண் வாசலே அங்கு அந்நியருக்கும் வாசலாயிற்று. வாடிக்கைக்காரர் தமக்கு விருப்பமான ரூட்டரையே இணைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அந்நாட்டில் 2016 ஆகஸ்ட் 1 முதலே அமலில் இருக்கிறது.

சாவியைத் தன் கையில் வைத்திருக்கும் நிறுவனம், எத்தனை ஆண்டுவரை திருத்தம் அனுப்பும் என்பதை இணைப்புக் கொடுக்கும்போதே எழுதித் தரவேண்டும். அதைக் கேட்டு வாங்க வாசகர்கள் கூச்சப்பட வேண்டாம். அதற்கிடையில், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் அச்சிட்ட நிர்வாகக் கடவுச்சொல்லே இன்னும் செல்லுபடியாகிறதென்றால், அதை இன்றே மாற்றிவிடுங்கள்.