உஷாவின் இனிஷியலுக்குள் ஒரு மலை!

குட்டீஸ், முதலில் ஒரு கேள்வி. ஓட்டப்பந்தய வீராங்கனை பி.டி.உஷாவை உங்களுக்குத் தெரியும்தானே? 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலப் பதக்கத்தைக் கோட்டைவிட்டாரே... அவரேதான்! இரண்டே ஆண்டுகளில் சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம் வாங்கி, அந்த வருத்தத்தை ஈடுகட்டிவிட்டார். அது இருக்கட்டும். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் விரிவாக்கம் என்ன?

‘அப்பா பெயராக இருக்கும்’ என்கிறீர்களா? அங்கேதான் தப்பு! மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு படியுங்கள்: பிலாவுள்ளகண்டி தெக்கேபறம்பில் உஷா. இரண்டுமே நிலத்தின் பெயர்கள். ‘பிலாவு’ என்றால் மலையாளத்தில் பலா மரம். ‘கண்டி’ என்பது மலபார் பக்கம் நிலத்துண்டுக்குச் சொல்லும் பெயர். பலா மரம் உள்ள நிலம்! அடுத்தது தெக்கேபறம்பில். அதாவது, தெற்குப் பறம்பில்.

இந்தப் ‘பறம்பு’ என்ற சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நிச்சயமாகக் கேட்டிருப்பீர்கள். தமிழ்ப் புத்தகத்தில், முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போன பாரி வள்ளல் பாடத்தில்! பாரியின் மலைக்குப் பெயர் பறம்பு. கோழிக்கோட்டுப் பக்கத்து ஓட்டக்காரியின் இனிஷியலில் உட்கார்ந்திருப்பதும், பாரி ஆண்ட மலையின் பெயரும் ஒரே சொல்தான். அந்த மலையைப் பார்க்க நீங்கள் கேரளாவுக்குப் போக வேண்டாம். கொட்டாம்பட்டிக்குப் போனாலே போதும்.

கொட்டாம்பட்டியிலிருந்து பாருங்கள்

மதுரையில் திருச்சி பஸ் ஏறினால், மேலூரைத் தாண்டி, கருங்காலக்குடியைத் தாண்டி வருவது கொட்டாம்பட்டி. அங்கே இறங்கி சிங்கம்புணரிப் பக்கம் திரும்பினால், வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் சமவெளிக்கு மேலே ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும். இன்றைக்கு அதன் பெயர் பிரான்மலை. சிவகங்கை மாவட்டத்தில் சேர்ந்தது. இதுதான் பாரியின் பறம்பு மலை என்று தமிழறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஒரே மலைக்கு எத்தனை பெயர் பாருங்கள்! சங்க காலத்தில் பறம்பு. பிறகு, திருஞானசம்பந்தர் வந்து தேவாரம் பாடிய காலத்தில் கொடுங்குன்றம். ‘கொடு’ என்றால் இங்கே வளைந்த என்று பொருள்; ‘கொடுமை’ என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். இப்போது பிரான்மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கிறது. மலை உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியாவின் தர்கா இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், தமிழாசிரியர்கள் இன்னொரு பெயர் சொல்வார்கள். மலை எதற்கும் கோபித்துக்கொள்வதில்லை!

உழாமலே விளையும் மலை

பாரிக்கு நெருங்கிய நண்பர் கபிலர் என்ற புலவர். சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது, ‘உங்களால் இந்த மலையைப் பிடிக்க முடியாது’ என்று அவர்களிடமே சொல்கிறார் கபிலர். அதற்கு அவர் சொல்லும் காரணம் கத்தி, வேல், கோட்டை எதுவும் இல்லை. சாப்பாடு! உழவர் உழாமலே அந்த மலையில் நான்கு உணவுகள் விளைகின்றனவாம். மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பசியால் வாடச் செய்து சரணடைய வைக்கலாம் என்ற திட்டம் இங்கே செல்லாது என்கிறார். புறநானூற்றின் 109-வது பாட்டு இது. பெரிய வகுப்பில் இருப்பவர்கள் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

முற்றுகை நீண்டபோது, பறவைகள் வெளியே பறந்துபோய் நெற்கதிர்களைக் கொண்டுவந்து தந்தன என்றும் ஒரு சேதி சங்கப் பாடல்களில் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் நம்புகிற கட்சி!

ஆனால் முடிவு நல்லதாக இல்லை. பாரி இறந்தான். மலை போனது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவில் தங்களுடைய உலகமே மாறிப்போனதைப் பாரியின் பெண் பிள்ளைகள் பாடிய பாட்டு புறநானூற்றில் 112-வதாக இருக்கிறது. ஐந்தே அடி. அதில் அவர்கள் அரண்மனையைப் பற்றி அழவில்லை, நகை நட்டைப் பற்றி அழவில்லை. அப்பாவையும் குன்றையும் இழந்ததைத்தான் சொல்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே மலையையும் வைத்துப் பேசியிருக்கிறார்கள், பாருங்கள்.

மதுரையைச் சேர்ந்த எழுத்தாளர் சு.வெங்கடேசன் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ என்று ஒரு நாவல் எழுதினார். அது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ‘பறம்பு’ என்ற சொல் மறுபடியும் பலர் வாயில் புழங்க ஆரம்பித்தது. அதுவரை நம் ஊரில் அது பாடப் புத்தகத்துக்குள்ளேயேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

ர-வா, ற-வா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பறம்பு என்று எழுத வேண்டிய இடத்தில் பரம்பு என்று எழுதிவிடாதீர்கள். மார்க் போவது மட்டுமில்லை, மலையே போய்விடும்! நாற்று நடுவதற்கு முன்னால், உழுத சேற்று வயலை மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்துவார்கள் அல்லவா? மாடு பூட்டி ஒரு பலகையை இழுப்பார்கள். அந்தப் பலகைதான் பரம்பு. ‘பரம்படிப்பது’ என்று விவசாயம் பார்க்கிற தாத்தாவைக் கேட்டால் சொல்வார். வல்லின ‘ற’ போட்டால் உயர்ந்த மலை. இடையின ‘ர’ போட்டால் தரையைத் தட்டையாக்கும் பலகை. ஒரே ஒரு எழுத்து மேட்டைப் பள்ளமாக்கிவிடுகிறது.

மலை எப்படித் தோட்டமானது?

தமிழ்நாட்டில் ஒரு மலையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்ட சொல், கேரளாவில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அங்கே பள்ளத்தில் நெல் வயல். அதற்கு மேலே தண்ணீர் நிற்காத மேட்டு நிலம். அந்த மேட்டில்தான் தென்னை, பலா, மா, மிளகுக் கொடி எல்லாம் வைப்பார்கள். வீட்டையும் அங்கேயே கட்டிக்கொள்வார்கள். அந்த மேட்டு நிலத்துக்குப் பெயர் பறம்பு. பாரியின் மலையைப் போல உயரம் கிடையாது. வயலைவிட நாலு அடி உசத்தி என்றாலும் பறம்புதான்.

பிறகு வெறும் மைதானம்கூடப் பறம்பு ஆகிவிட்டது. கோயிலைச் சுற்றியுள்ள வெளி அம்பலப்பறம்பு. பூரம் திருவிழா நடக்கிற திடல் பூரப்பறம்பு. ஊர்ப் பெயரிலும் ஏறிக்கொண்டது. கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பறம்பு என்று ஒரு ஊரே இருக்கிறது.

அடுத்து வீட்டுப் பெயர். கேரளாவில் பல குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. வீடு இருக்கும் இடத்தை வைத்துத்தான் பெரும்பாலும் பெயர். தெற்குப் பறம்பில் இருந்தால் தெக்கேபறம்பில். புதிதாகத் திருத்திய பறம்பில் இருந்தால் புத்தன்பறம்பில். இதில் வருகிற ‘இல்’ என்ன தெரியுமா? நீங்கள் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்கிற ஏழாம் வேற்றுமை உருபு! ‘பறம்பில் இருப்பவர்’ என்பதில் ‘இருப்பவர்’ கழன்று விழுந்துவிட்டது, வேற்றுமை உருபு மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2024-இல் வடகரை தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனவர் பெயர் ஷாபி பறம்பில். நம் பாரியின் மலைப் பெயர் நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டது! வேற்றுமை உருபால் என்ன பிரயோஜனம் என்று இனிமேல் யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

பைக்கிலும் ஒரு மலை, ஸ்டாம்பிலும் ஒரு மலை

மலையைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது மலையாளிகள் மட்டுமில்லை. ரோட்டில் சர்ரென்று போகிறதே யமஹா பைக், அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்தான். டோரகுசு யமஹா என்ற ஜப்பானியர் 1887-இல் ஆர்மோனியம் போன்ற ஒரு இசைப்பெட்டியைச் செய்தார். அவர் தொடங்கிய கம்பெனி வளர்ந்து, ரொம்ப நாள் கழித்து, 1955-இல்தான் பைக் செய்தது. ஜப்பானிய மொழியில் ‘யமா’ என்றால் மலை, ‘ஹா’ என்றால் இலை. மலை இலை!

1840-இல் உலகத்தின் முதல் தபால்தலையான ‘பென்னி பிளாக்’ இங்கிலாந்தில் வெளிவந்தது. அந்த யோசனையைக் கொடுத்தவர் ரோலண்ட் ஹில். ஹில் என்றால் குன்று என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

நம் கதை கொஞ்சம் வேறு மாதிரி. நமக்குக் குடும்பப் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கம் அவ்வளவாக இல்லை. ஆனால் மலையையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுவோம்! திருவண்ணாமலை என்றால் அண்ணாமலை. திருப்பதி என்றால் ஏழுமலை. அழகர்கோயில் மலைக்குச் சோலைமலை என்று இன்னொரு பெயர் உண்டு; மதுரைப் பக்கம் சோலைமலை என்ற பெயரில் எத்தனை மாமா, சித்தப்பாக்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மலைச்சாமி, மலையாண்டி, மலையம்மாள் எல்லாம் தனி.

இதில் ஒரு வேடிக்கை. சோலைமலையின் மகன் கண்ணன் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கிற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பான். அங்கே ஆபீஸில் எல்லோரும் அவனை ‘மிஸ்டர் சோலைமலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அழகர் மலை ஆட்லாண்டா வரைக்கும் போய்விடும்!

மலைக்கு மனிதர் பெயர்

இதுவரை மலையின் பெயர் மனிதருக்குப் போனதைப் பார்த்தோம். மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி என்ற ஊரில் மனிதர் பெயர் மலைக்குப் போயிருக்கிறது. அந்த ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். ஒன்றின் பெயர் ராமாயி மலை! இன்னொன்று கழிஞ்சமலை, மற்றொன்று தேன்கூட்டு மலை. கழுகுமலை என்றும் ஒன்று இருக்கிறது. கோவில்பட்டி பக்கத்துக் கழுகுமலை அல்ல, இது வேறு. மீனாட்சிபுரத்தை ஒட்டிய இந்தக் குன்றில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882-இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

2022 நவம்பரில் இந்தப் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே உண்டு. லகுடு வல்லூறு என்ற அபூர்வமான பறவையும் அதில் சேர்த்தி.

இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். 2024 நவம்பரில், இந்த வட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. டங்ஸ்டன் என்பது பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பியின் உலோகம். மேலூர் வட்டார மக்களுக்கு இதில் பயம் வரக் காரணம் இருந்தது. கிரானைட்டுக்காகக் குன்றுகள் வெட்டப்பட்டதை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் உ.சகாயம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை நியமித்த கதையை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. ராமாயி மலை தப்பித்தது!

உங்கள் ஊர் மேடு

எல்லா மேட்டுக்கும் மலை என்று பெயர் கிடையாது, குட்டீஸ். கருங்காலக்குடியில் சமணர் படுக்கைகள் உள்ள இடத்தைப் ‘பஞ்சபாண்டவர் குட்டு’ என்பார்கள். குட்டு என்றால் தலையில் வாங்குவது இல்லை, சின்னக் குன்று! தேனி, திண்டுக்கல் பக்கம் கரடு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பொத்தை. திண்டுக்கல், நாமக்கல் என்று ஊர்ப் பெயர் முடிகிறதே, அந்தக் ‘கல்’லும் மலைதான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மேடு கட்டாயம் இருக்கும். மேப்பில் அதற்குப் பெயர் இருக்காது. ஆனால் ஆடு மேய்க்கிற தாத்தாவுக்குத் தெரியும், விறகு பொறுக்கப் போன அப்பத்தாவுக்குத் தெரியும். கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஏதாவது கதை இருந்தால் அதையும் விடாதீர்கள்.

அப்படியே கேரள ஸ்டைலில் உங்களுக்கு ஒரு இனிஷியலும் தயார் செய்யுங்கள். வீட்டுக்கு எந்தத் திசையில் என்ன இருக்கிறது? கொட்டாம்பட்டியில் கண்மாய்க்கரை மேல் வீடு இருக்கிற முருகன் என்றால் ‘கண்மாய்க்கரையில் முருகன்’. குட்டுக்குத் தெற்கே இருக்கிற செல்வி ‘தெற்குக்குட்டில் செல்வி’. மதுரை அபார்ட்மென்டில் நாலாவது மாடியில் இருக்கிறவர்கள் என்ன செய்வது என்கிறீர்களா? ‘லிப்ட்டுக்குமேற்கில் கார்த்திக்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வேற்றுமை மட்டும் விட்டுப்போகக் கூடாது!