எட்வர்ட் ஏரியின் நீர்யானைகள்

காங்கோவின் கிழக்கே உள்ள விருங்கா தேசியப் பூங்காவின் எரிமலைச் சரிவுகளில் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. மனிதருக்குப் பழக்கப்படுத்திய ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப்போய்ப் பார்க்கும் காவலர்கள், காண வந்தவர்கள் கட்டிய கட்டணம் என்று அவற்றைக் காக்க ஓர் ஏற்பாடு உருவானது. அதே பூங்காவில், வடக்கே எட்வர்ட் ஏரியில் வாழும் நீர்யானைகளுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை.

1970களின் நடுவில் இந்த ஏரியிலும் ருட்சுரு, ருவிண்டி, இஷாஷா ஆறுகளிலுமாக ஏறக்குறைய 29,000 நீர்யானைகள் இருந்தன. 2005 வாக்கில் எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. யாரும் காவல் காக்காத காட்டில் இது நடக்கவில்லை. 1925இல் தேசியப் பூங்காவான, 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடத்துக்குள் நடந்தது. நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

1990களில் காங்கோவின் கிழக்கே போர் மூண்டது. அரசுப் படை, கிளர்ச்சிக் குழுக்கள் என்று துப்பாக்கி வைத்திருந்தவர்களெல்லாம் பூங்காவுக்குள் வந்தார்கள். சம்பளம் வராத சிப்பாய்க்கு ஒன்றரை டன் இறைச்சி கண்ணெதிரே கிடந்தது. பகலெல்லாம் தண்ணீரில் நெருக்கியடித்துக் கிடக்கும் விலங்கைச் சுட அலைய வேண்டியதில்லை. இறைச்சி உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. கோரைப்பற்களுக்கு வெளிநாட்டில் விலை இருந்தது. 1989இல் யானைத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தபின் அந்தக் கிராக்கி இன்னும் கூடியது. எட்டு மாதம் சுமந்து ஒரே குட்டி, அடுத்ததற்கு ஏறக்குறைய இரண்டு வருடம். இப்படிப் பெருகும் இனம் இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

நஷ்டம் ஏரிக்கும்தான். பொழுது சாய்ந்ததும் நீர்யானை கரையேறி, விடிவதற்குள் நாற்பது கிலோ வரை புல் மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பும். அங்கே குட்டையான வாலைப் படபடவென்று விசிறிச் சாணத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். அந்த உரத்தில் பாசி வளர்கிறது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மீன் கொழுக்கிறது. ஏரிக்கரையில் விட்சும்பி போன்ற மீனவர் ஊர்கள் இருக்கின்றன. நீர்யானை குறைந்த காலத்தில் அங்கே மீன்பாடும் குறைந்தது. கண்மண் தெரியாமல் வலை வீசியதும் ஒரு காரணம். ஆனால் தீனி போடும் விலங்கே போனபின் மீன் எப்படிப் பழையபடி தேறும்? நீர்யானையைக் காப்பதும் மீனவர் வயிற்றைக் காப்பதும் இங்கே ஒரே வேலை. கொரில்லாவுக்குக் கிடைத்த பணமும் கவனமும் இந்த ஏரிக்கும் வரவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

காவலர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பூங்காவைக் காக்கப் போய் இதுவரை இருநூறு பேருக்கு மேல் உயிர்விட்டிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் எண்ணிக்கை மெல்ல ஏறி 1,200ஐத் தொட்டது. அப்போதுதான், 2025 ஏப்ரலில் அடுத்த அடி. இஷாஷா ஆற்றில் நீர்யானைகள் செத்து மிதந்தன, ஐம்பதுக்கு மேல். காரணம் ஆந்த்ராக்ஸ், நம் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய். இதன் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் சடலங்களை ஆழமாகப் புதைத்தாக வேண்டும். மண்வாரி இயந்திரம் எளிதில் போய்ச் சேராத ஆற்றங்கரையில், ஒன்றரை டன் உடலை நீரிலிருந்து இழுத்துக் கரையேற்றுவது காவலர்கள் தலையில் விழுந்தது.

இஷாஷாவின் மறுகரை உகாண்டா. அங்கே குயின் எலிசபெத் பூங்காவிலும் 2004இல் இதே நோய் நூற்றுக்கணக்கான நீர்யானைகளைக் கொன்றது. விலங்குகள் எல்லை பார்த்து நீந்துவதில்லை. கணக்கெடுப்பு, நோய்க் கண்காணிப்பு, வேட்டைத் தடுப்பு மூன்றையும் இரு நாடுகளும் சேர்ந்தே செய்தாக வேண்டும்.