கியர்ப் பெட்டியை மாற்றலாம், நெஞ்செலும்பை மாற்ற முடியாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லயத்துப் பக்கம் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். வாசலில் பழைய காடி ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பையன் குந்திக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான்.

அடியில் கிடப்பவர் விளையாட்டுக்குக் கிடக்கவில்லை. பட்டறையில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கியர்ப் பெட்டியை வாங்கி வந்து தாமே மாட்டுகிறார். 1985ல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994ல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற காடிகள் இன்னும் பல குடும்பங்களுக்குக் கால்கள். பிள்ளை பள்ளிக்கும் பாட்டி கிளினிக்குக்கும் போவது அதில்தான். ஆகவே, "இந்த வேலையைச் செய்யாதீர்கள்" என்று சொல்ல நான் வரவில்லை. செய்கிறவர் மாலையில் முழு உடம்போடு எழுந்து வரவேண்டும் என்று சொல்லவே வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் தம் சாகாவின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டுக் கல்லை அடுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தார். "ஏங்க, தேத்தண்ணி ஆறுது, வந்து குடிச்சிட்டுப் போங்க" என்று சம்சாரம் இரண்டு தடவை கூப்பிட்டார். முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்து கிளாஸைக் கையில் வாங்கினார். பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம். கல் தூளாகிக் காடி தரையில் உட்கார்ந்திருந்தது. அன்று அவரைக் காப்பாற்றியது ஒரு கிளாஸ் தேத்தண்ணி. எல்லாருக்கும் அந்த நேரத்தில் தேத்தண்ணி வராது, தோழர்களே.

முதலில், கெட்டுப்போனது கியர்ப் பெட்டிதானா என்று பாருங்கள். கியர் விழவில்லை என்றால் பழைய சாகாவில் கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கலாம். கியர் எண்ணெய் ஒழுகிக் குறைந்திருக்கலாம். கேபிளைச் சரிசெய்தோ எண்ணெய் ஊற்றியோ தீருகிற நோய்க்கு ஆபரேஷன் வேண்டாம்.

பெட்டியைக் கழற்றியே தீரவேண்டும் என்றால் தரையைப் பாருங்கள். லயத்து வாசல் பெரும்பாலும் செம்மண். மழை பெய்தால் இளகிவிடும். சரிவான இடமும் ஈரமான இடமும் ஆகாது. சிமெண்டுத் தரை கிடைக்காவிட்டால் ஜேக்குக்கும் ஸ்டேண்டுக்கும் அடியில் தடித்த, அகலமான பலகையைப் போடுங்கள். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுங்கள். "கியர்ல போட்டிருக்கேன், நகராது" என்று சொல்லாதீர்கள். கியர்ப் பெட்டியையே கழற்றப் போகிறீர்கள், பிறகு எந்தக் கியர் சக்கரத்தைப் பிடிக்கும்?

ஜேக் என்பது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. அதற்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும், காடி இறங்கிவிடும். கல்லோ முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். எனவே இரும்பு ஸ்டேண்டு இரண்டு வேண்டும். தோட்டத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் உதவும். காடியை ஸ்டேண்டில் உட்காரவைத்த பிறகு, அடியில் போவதற்கு முன், பக்கத்தில் நின்று நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாயிருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரங்களையும் அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டேண்டு ஏமாற்றினாலும் சக்கரம் கொஞ்சம் இடம் விடும்.

இனி வேலை. மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை இழுப்பதற்கு முன்னாலேயே எண்ணெயை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது முகத்தில்தான் கொட்டும். மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது துருவும் மண்ணும் கண்ணில் விழும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

இந்தக் காடிகளில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பக்கம் பக்கமாகச் சேர்ந்தே தொங்குகின்றன. பெட்டியை எடுத்தால் எஞ்சின் அந்தப் பக்கம் சாயும். முன்கூட்டியே குறுக்கே இரும்பு விட்டத்தை வைத்துச் சங்கிலியால் எஞ்சினைத் தாங்குங்கள். பெட்டியின் எடை 30 கிலோவைக்கூட எட்டலாம். பத்துக் கிலோ அரிசிப் பை மூன்றை ஒன்றாகக் கட்டி, மல்லாந்து படுத்தபடி கையால் தாங்கமுடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அதோடு அது எண்ணெய் வழியும் சாமான், பிடி கிடைக்காது. ஆகவே அதை நெஞ்சில் வாங்காதீர்கள். இன்னொரு ஜேக்கில் பலகையை வைத்து அதன்மேல் இறக்குங்கள், அல்லது கயிறு கட்டி இரண்டு பேர் மெல்ல இறக்குங்கள். அடியில் ஆள் இருக்கக்கூடாது. பால் வெட்டும் முதுகும் செம்பனைக் குலை தூக்கும் இடுப்பும் ஆறு நாள் உழைத்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருக்கின்றன. மறக்காதீர்கள்.

பெட்டி வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். அது கிளட்ச் தட்டு தேய்ந்த தூள். பழைய காடிகளின் கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. வாயால் ஊதாதீர்கள், காற்றுப் பம்பாலும் அடிக்காதீர்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் இன்றைக்கு இருமல்கூட வராது. பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். சிகரெட் பிடிப்பவருக்கு அபாயம் இன்னும் அதிகம். தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம்.

புதுப் பெட்டியை ஏற்றும்போது விரல்தான் ஜாக்கிரதை. போல்ட் ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது நம்மவர் பழக்கம். பெட்டி ஒரு நூல் நகர்ந்தாலும் விரல் துண்டாகும். கம்பியை விட்டுப் பாருங்கள். கிளட்ச் தட்டை முதலிலேயே நடுவில் நிறுத்தினால் இப்படித் தடவவேண்டிய அவசியமே வராது. முடிந்தபின் கையைப் பெட்ரோலால் கழுவாதீர்கள். தோல் வெடித்துப் புண்ணாகும். சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள்.

சூடான எண்ணெய் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கிச்சாப்பும் பற்பசையும் வேண்டாம். துருப்பிடித்த இரும்பு ஆழமாகக் கிழித்தால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

காடியின் கீழ் ஆள் மாட்டிக்கொண்டால்? நெஞ்சு அழுந்தியவருக்கு மூச்சு விட முடியாது, சில நிமிடத்தில் உயிர் போய்விடும். அவரை இழுக்காதீர்கள். உடனே ஜேக்கை வைத்துக் காடியைத் தூக்குங்கள், ஆட்களைக் கூவி அழையுங்கள். ஒருவர் 999க்குப் போன் செய்து தோட்டப் பெயரையும் எந்தச் சாலைவழி வரவேண்டும் என்பதையும் சொல்லட்டும். இன்னொருவர் சந்தியில் நின்று ஆம்புலன்சுக்கு வழி காட்டட்டும். மூச்சில்லை என்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள்.

இதனால்தான் தனியாக இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் எட்டு வயதுப் பையனால் காடியைத் தூக்க முடியாது. தகப்பனைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். மச்சானைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு அவர் ஜேக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், "ஸ்டேண்டு எங்கே? கூட யார் இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் விடாதீர்கள். காடி ஒரு வாரம் நிற்கட்டும். குடும்பம் நிற்கக்கூடாது.